கார்னீலியா கிளாப் பற்றி மாணவிகளிடம் பேச வேண்டும். எதை முன்வைப்பது?

கேள்வி கேட்டவர்: கொடிமுல்லை

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. எங்கள் துறை மன்றத்தில் மாதம் ஒருவர் ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேச வேண்டும். இந்த மாதம் என் முறை. அமெரிக்காவில் மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த கார்னீலியா கிளாப்பை (1849–1934) எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். கடல் உயிரியலில் இறங்கிய முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர், இரண்டு முனைவர் பட்டம் பெற்றவர், டோட்ஃபிஷ் என்ற மீனை ஆராய்ந்தவர் என்ற அளவுக்குத் தெரியும்.

துறையில் இதைச் சொன்னதும் மூத்த ஆசிரியர் ஒருவர், "அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நல்ல ஆசிரியை, அவ்வளவுதான். விஞ்ஞானி என்று பேச என்ன இருக்கிறது?" என்றார். எனக்கு அப்போது பதில் வரவில்லை. அந்த மீனில் அவர் உண்மையிலேயே என்ன கண்டுபிடித்தார்? அதை முதலாண்டு மாணவிகளுக்குப் புரியும்படி சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கடலோர டீச்சர்

கொடிமுல்லை, தாராளமாக கிளாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெறும்வரை பெண்கள் கல்லூரியிலேயே விலங்கியல் எடுத்தவள் நான். அவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் எழுதிய கட்டுரைகள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் எத்தனை எழுதினார் என்று கேட்பதற்கு முன்னால், எழுதியதில் என்ன கேட்டார் என்று பார்க்க வேண்டும். அதனால் மீனிலிருந்தே வருகிறேன்.

டோட்ஃபிஷ் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் வாழ்கிறது. தேரையைப் போன்ற பெரிய தலை, அகன்ற வாய், பார்க்க அழகில்லாத மீன். கல்லுக்கு அடியிலோ பலகைக்கு அடியிலோ ஆண் மீன் இடம் பிடித்துக்கொண்டு, காற்றுப்பையை அதிரவைத்து ஊதல் மாதிரி ஒலி எழுப்பிப் பெண் மீனைக் கூப்பிடும். பெண் மீன் வந்து கல்லின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். அப்புறம் காவல் முழுக்க ஆண் மீனின் வேலை. முட்டை ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். மீன் முட்டைகளில் அது நல்ல பெரிய அளவு, வெறும் கண்ணுக்கே தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒவ்வொரு முட்டையும் கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும், உருளாது. பொரித்த பிறகும் குஞ்சு சிறிது காலம் அந்த இடத்திலேயே ஒட்டியபடி வளரும்.

இந்த உருளாத முட்டைதான் கிளாப்பின் கையில் பெரிய கருவியாக ஆனது. 1880களில் கருவியலில் ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு முட்டை முதல் முறை இரண்டாகப் பிளக்கும்போதே பின்னால் வரப்போகும் உடலின் இடப்பக்கம், வலப்பக்கம் முடிவாகிவிடுகிறதா? தவளை முட்டையை வைத்து ஜெர்மனியின் வில்ஹெல்ம் ரூ, ஆமாம் என்று சொன்னார். முதல் பிளவு எந்தத் திசையில் விழுகிறதோ அதுவே உடலின் நடுக்கோடாக அமையும் என்பது அவர் கருத்து. இதை மீனில் சோதிக்க வேண்டுமென்றால் முட்டை அசையாமல் இருக்க வேண்டும். மிதக்கிற, உருளுகிற முட்டையில் இன்று பார்த்த பிளவின் திசையை நாலு நாள் கழித்து எங்கே போய்த் தேடுவது? டோட்ஃபிஷ் முட்டையில் அந்தச் சிக்கலே இல்லை. கிளாப் முதல் பிளவின் திசையைக் குறித்துவைத்தார். அதே முட்டையில் கரு உருவாகும்வரை காத்திருந்து, அதன் நடுக்கோடு எந்தத் திசையில் கிடக்கிறது என்று ஒப்பிட்டார். இரண்டுக்கும் நிலையான தொடர்பு எதுவும் இல்லை. 1891இல் இதை வெளியிட்டார். அதே ஆண்டில்தான் ஹான்ஸ் டிரீஷ் என்ற ஜெர்மன் கருவியலாளர், இரண்டாகப் பிளந்த கடல் முள்ளெலிக் கருவின் செல்களைக் குலுக்கிப் பிரித்து, ஒவ்வொன்றும் தனித்தனியே முழு உயிராக வளர்வதைக் கண்டார். கருவின் விதி முதல் பிளவிலேயே எழுதப்பட்டுவிடுவதில்லை என்ற பக்கம் சான்றுகள் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்தச் சான்றுகளில் ஒன்று, மவுண்ட் ஹோலியோக் இருக்கும் ஊரான தெற்கு ஹாட்லியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆசிரியை கோடை விடுமுறையில் செய்த வேலை.

இதை முதலாண்டு மாணவிகளுக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டீர்கள். நிச்சயமாக முடியும். கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, "மீனின் தலை எந்தப் பக்கம் வரும்?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் வகுப்பு தானாக ஓடும்.

சரி, அவர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்பதற்கு வருகிறேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மாண்டேக் என்ற ஊரில் பிறந்தவர். மவுண்ட் ஹோலியோக்கை 1837இல் தொடங்கியவர் மேரி லயன். அவரே வேதியியல் கற்பித்தவர், அதனால் அங்கே அறிவியல் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. கிளாப் 1871இல் அங்கே படித்து முடித்தார். பென்சில்வேனியாவில் ஒரு பையன்கள் பள்ளியில் ஓராண்டு லத்தீன் சொல்லிக்கொடுத்தார். 1872இல் தான் படித்த மவுண்ட் ஹோலியோக்குக்கே ஆசிரியையாகத் திரும்பினார். என்ன பாடம் தெரியுமா? கணிதம். உடற்பயிற்சி வகுப்பும் எடுத்தார். விலங்கியல் அவருக்கு யாரும் தட்டில் வைத்துக் கொடுத்தது இல்லை.

திருப்பம் லிடியா ஷாட்டக் என்ற மூத்த ஆசிரியையால் வந்தது. ஷாட்டக் 1822இல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்து, மவுண்ட் ஹோலியோக்கில் படித்து, 1889வரை அங்கேயே தாவரவியலும் வேதியியலும் கற்பித்தவர். ஹார்வர்டின் விலங்கியலாளர் லூயி அகாஸி 1873 கோடையில் பெனிகீஸ் என்ற சின்னத் தீவில் ஆசிரியர்களுக்காக ஒரு கடலோரப் பள்ளி தொடங்கினார். தீவையும் 50,000 டாலரையும் ஜான் ஆண்டர்சன் என்ற நியூயார்க் புகையிலை வணிகர் கொடுத்தார். புத்தகத்தை விட்டு இயற்கையைப் படியுங்கள் என்பது அகாஸியின் கொள்கை. ஆண்களோடு பெண் ஆசிரியைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். கட்டடம் முடியாததால் ஒரு கொட்டகையில் பாய்மரத் துணியைக் குறுக்கே தொங்கவிட்டு இந்தப் பக்கம் பெண்களும் அந்தப் பக்கம் ஆண்களும் படுத்தார்கள். ஷாட்டக் அந்த முதல் கூட்டத்தில் இருந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது! அடுத்த கோடையில் கிளாப்பும் போனார். அதற்குப் பிறகு அவர் வேறு எந்தப் பாடத்தின் பக்கமும் மனதைத் திருப்பவில்லை.

எனக்கு இந்த இடம் மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரு மூத்த ஆசிரியை தான் பார்த்துவிட்டு வந்ததை இளைய ஆசிரியைக்குத் திறந்துவிடுகிறார். நாம் வேலை பார்க்கும் இடங்களில் இது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? நான் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்தது. துறைத் தலைவியாக இருந்த அம்மா, மாணவிகளை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடற்கரைக்குக் கூட்டிப்போகிற பொறுப்பை முதல் வருடமே என்னிடம் கொடுத்தார். அதுவரை நட்சத்திர மீன் என்றால் ஃபார்மலின் பாட்டிலுக்குள் வெளுத்து விறைத்துப்போன ஒன்றுதான் எங்கள் பிள்ளைகளுக்கு. உயிரோடு உள்ளங்கையில் வைத்து, அதன் குழாய்க்கால்கள் தோலில் ஒட்டி ஒட்டி நகர்வதை உணர்ந்த ஒரு பெண் "மேடம், இது என்னைத் தேடுது" என்று கத்தினாள். அவள் பின்னால் மீன்வளத்தில் வேலைக்குப் போனாள். நான் வேலை பார்த்த இடத்தில் பதவி உயர்வுப் படிவத்தில் இந்த மாதிரி பயணத்துக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அதனால்தான் கட்டுரை எண்ணிக்கையை மட்டும் வைத்து கிளாப்பை அளப்பதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

பதில்: நூலகத்து ராமு

டீச்சர், அருமையாகச் சொன்னீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு முனைவர் பட்டம் என்கிறார்களே, ஒன்று போதாதா? 1889இல் சிரக்யூஸ், 1896இல் சிகாகோ என்று படித்தேன். ஏன் அப்படி?

பதில்: கடலோர டீச்சர்

நல்ல கேள்வி, ராமு சார். அந்தக் கால நிலைமை தெரிந்தால் புரியும்.

மவுண்ட் ஹோலியோக் ஐம்பது ஆண்டுகள் 'செமினரி'யாக இருந்தது. பாடம் கனமாக இருந்தாலும் பட்டம் தரும் உரிமை கிடையாது. 1888இல்தான் அந்த உரிமை கிடைத்தது, 1893இல் முழுக் கல்லூரி ஆனது. பட்டம் தருகிற கல்லூரியில் கற்பிப்பவர்களுக்கும் பட்டம் வேண்டுமே! அதுவரை அங்கேயே படித்து அங்கேயே கற்பித்த பலரிடம் அது இல்லை. கிளாப் அப்போது பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கற்பித்து முடித்தவர். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1888இல் இளநிலையும் அடுத்த ஆண்டே முனைவர் பட்டமும் பெற்றார். அது கல்லூரிக்குத் தேவையான பட்டம் என்றுதான் நான் பார்க்கிறேன்.

சிகாகோ அவருக்கே தேவைப்பட்டது. மற்ற கதவுகள் எப்படி இருந்தன என்பதற்கு ஒரு உதாரணம் போதும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டீன் லாட் பிராங்க்ளின் 1882இலேயே கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கான வேலையை முடித்துவிட்டார். பெண் என்பதால் பட்டம் தரவில்லை, 1926இல்தான் கொடுத்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகம் 1892இல் திறந்தபோதே பெண்களைச் சேர்த்தது. அங்கே விலங்கியல் துறைக்குத் தலைவராக வந்தவர் சார்லஸ் ஓட்டிஸ் விட்மன். அவரும் பெனிகீஸில் படித்தவர். மாசசூசெட்ஸின் கடலோர ஊரான வுட்ஸ் ஹோலில் 1888இல் கடல் உயிரியல் ஆய்வகம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான், கிளாப்புக்கு டோட்ஃபிஷ்ஷைக் கொடுத்தவரும் அவர்தான். கிளாப் கல்லூரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு சிகாகோ போனார். அதே மீனின் பக்கக்கோட்டு உணர் உறுப்புகளை ஆராய்ந்து 1896இல் பட்டம் பெற்றார். மீனின் பக்கவாட்டில் ஓடும் அந்தக் கோடு தண்ணீரின் சின்ன அசைவைக்கூட உணர்கிற உறுப்பு. தலையில் அது எப்படிக் கிளைக்கிறது, கருவில் எங்கிருந்து புறப்படுகிறது என்பதெல்லாம் பொறுமையாக நுண்ணோக்கிக்குக் கீழே வெட்டி வெட்டிப் பார்க்க வேண்டிய வேலை. அப்போது அவருக்கு வயது 47. பேராசிரியர் பதவி 1904இல் வந்தது.

வுட்ஸ் ஹோலை அவர் கடைசிவரை விடவில்லை. கோடைதோறும் அங்கே இருந்தார். 1893 முதல் 1907வரை அந்த ஆய்வகத்தின் நூலகராக வேலை பார்த்தார், அறங்காவலர் குழுவிலும் இடம்பெற்றார். (நூலகத்து ராமு சாருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.) தெற்கு ஹாட்லி கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி உள்நாட்டில் இருக்கிறது. கடலைக் காணாத பிள்ளைகளுக்கு விலங்கியலைக் கற்பிக்கிறவர் வருடம் தவறாமல் கடலுக்குப் போய் வந்தார் என்பதை உங்கள் பேச்சில் விட்டுவிடாதீர்கள், கொடிமுல்லை.

1906இல் வெளிவந்த 'அமெரிக்கன் மென் ஆஃப் சயின்ஸ்' விவரத்திரட்டில் நாட்டின் முதன்மையான 150 விலங்கியலாளர்களுக்கு நட்சத்திரக் குறி போட்டார்கள். சக விஞ்ஞானிகளின் மதிப்பீட்டை வைத்துத் தேர்ந்தெடுத்த பட்டியல் அது. கிளாப்பின் பெயருக்கும் நட்சத்திரம் இருந்தது. உங்கள் மூத்தவருக்கு இது ஒன்றைச் சொன்னாலே போதும். அவருடைய சமகால விலங்கியலாளர்களுக்கு அவர் யார் என்பதில் குழப்பமே இருக்கவில்லை.

பதில்: மலபார் மல்லிகை

நம் பக்கத்துக் கதை ஒன்றும் சேர்க்கலாமே? தலச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்பித்தார். அங்கிருந்து ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய் 1931இல் முனைவர் ஆனார். கோயம்புத்தூர் கரும்பு இனவிருத்தி நிலையத்தில் அவர் செய்த வேலை எல்லோருக்கும் தெரிந்தது. 1945இல் ஆங்கிலேய மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் மவுண்ட் ஹோலியோக்குக்கும் சகோதரிக் கல்லூரி உறவு உண்டு. அந்த இழையைப் பிடித்து இருவரையும் ஒரே பேச்சில் கொண்டுவரலாம்.

பதில்: கடலோர டீச்சர்

மல்லிகை, ஜானகி அம்மாளைப் பற்றிக் கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தப் பேச்சில் வேண்டாம் என்பேன். அவர் வாழ்க்கை தலச்சேரியில் தொடங்கி லண்டன், விஸ்லி, திரும்ப இந்தியா என்று நீளும் பெரிய வாழ்க்கை. கடைசி ஐந்து நிமிடத்தில் அவரைத் திணித்தால் இருவருக்கும் நியாயம் செய்ததாகாது. அடுத்த மாதம் நீங்களோ கொடிமுல்லையோ அவருக்கென்றே ஒரு கூட்டம் போடுங்கள்.

கிளாப்புக்குப் பின் யார் என்று சொல்ல இடம் இருந்தால் ஆன் ஹேவன் மார்கனைச் சொல்லுங்கள். 1906இல் மவுண்ட் ஹோலியோக்கில் உதவியாளராகச் சேர்ந்தவர். கார்னல் பல்கலைக்கழகத்தில் ஈசல் போன்ற மேஃபிளை பூச்சிகளை ஆராய்ந்து 1912இல் முனைவர் ஆனார். கிளாப் 1916இல் ஓய்வுபெற்றபோது துறையின் பொறுப்பை ஏற்று 1947வரை நடத்தினார். குளங்களிலும் ஓடைகளிலும் வாழும் உயிர்களைப் பற்றி அவர் 1930இல் வெளியிட்ட கையேட்டைப் படித்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவர்கள் ஏராளம். ஷாட்டக், கிளாப், மார்கன் என்று ஒரே கல்லூரியில் மூன்று தலைமுறை! பெண்கள் கல்லூரி என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் பட்டம் வாங்குகிற இடம் என்று மட்டும் நினைக்கிற பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் கூட்டத்துக்குப் பெற்றோர் யாராவது வந்தால் இந்த மூன்று பெயரையும் அழுத்திச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: கொடிமுல்லை

டீச்சர், எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கரும்பலகை வட்டத்தில்தான் தொடங்கப் போகிறேன். இப்போது கேட்க இரண்டு விஷயம் மிச்சம். பேச்சில், "அகாஸியின் மாணவி கிளாப்" என்று எழுதிவைத்திருக்கிறேன், அது சரிதானே? இன்னொன்று, ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்? மாணவிகள் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

பதில்: கடலோர டீச்சர்

முதலாவதைத் திருத்திவிடுங்கள். லூயி அகாஸி 1873 டிசம்பரில் இறந்துவிட்டார். கிளாப் பெனிகீஸுக்குப் போனது 1874 கோடையில். அந்த ஆண்டு பள்ளியை நடத்தியவர் அகாஸியின் மகன் அலெக்சாண்டர். அதோடு பள்ளியும் மூடப்பட்டது. "அகாஸி தொடங்கிய பள்ளியில் படித்தவர்" என்று சொன்னால் சரியாக இருக்கும். அகாஸியிடம் நேராகப் படித்தவர் ஷாட்டக். இன்னொன்றும் கவனியுங்கள். அகாஸி டார்வினைக் கடைசிவரை ஏற்கவில்லை. ஷாட்டக் ஏற்றார். ஆசிரியர் சொன்ன முறையை எடுத்துக்கொண்டு, ஆசிரியரின் முடிவை ஏற்காமல் விட்டார். யாராவது மாணவி பரிணாமத்தைப் பற்றிக் கேட்டால் இதைச் சொல்லலாம்.

ஓய்வுக்குப் பிறகு ஃப்ளோரிடாவில் மவுண்ட் டோரா என்ற ஊரில் குளிர்காலங்களைக் கழித்தார். கோடையில் வழக்கம்போல வுட்ஸ் ஹோல். 1917இல் மவுண்ட் ஹோலியோக்கின் வில்லிஸ்டன் கட்டடம் எரிந்தபோது அவர் காலமெல்லாம் வகுப்பெடுத்த இடமும், சேகரித்த உயிரின மாதிரிகளும் போய்விட்டன. 1920களில் கட்டிய புதிய அறிவியல் கட்டடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே. 1934 டிசம்பர் 31 அன்று மவுண்ட் டோராவில் இறந்தார்.

படம் காட்டப் போகிறீர்கள் என்றால் கிளாப்பின் படத்தோடு டோட்ஃபிஷ் முட்டைகள் கல்லில் ஒட்டியிருக்கும் படத்தையும் தேடி வையுங்கள். முட்டைப் படத்தை முதலில் காட்டுங்கள், ஆளைப் பிறகு காட்டிக்கொள்ளலாம். கூட்டம் முடிந்ததும் மாணவிகள் என்ன கேட்டார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள், காத்திருப்பேன்.